பெயர் தெரியாத லொறி அண்ணனுக்கு நன்றி

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போன வாரம் விறகு இறக்க வந்த லொறி அண்ணா, உங்கள் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் பெல்ட்டில் என் தங்கச்சியின் சால்வை நுனி சிக்கியதும், சால்வையோடு மல்லுக்கட்டாமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தது நீங்கள்தான். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும், ஆள் சுகம்.

கிரீஸ் போடக் கழற்றின பெல்ட் கவர், "பிறகு மாட்டலாம்" என்று சுவரோரம் சாய்ந்து கிடந்ததாம். ஓடும் பெல்ட்டுக்கு மறைப்பு வேண்டும் என்பது இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. கொழுந்து குவியும் நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்! நீங்கள் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரைக் கூப்பிட்டு, கவரை மாட்டி எல்லா போல்ட்டையும் முறுக்கிய பிறகுதான் சுவிட்சைப் போட விட்டீர்களாம். அப்புறம் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். இந்தப் பக்கம் வந்தால் தோட்டத்து லயத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வாங்க, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார்.