எங்க ஊர் வெயிலுக்கு உங்கள் காலண்டர் தெரியாதுங்க

பள்ளி திறக்கும் தேதியை முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். மூத்தவள் எட்டாவது, சின்னவன் நாலாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. கோடை எத்தனை நாள் என்று கேட்டால் நீங்கள் ஒரு கணக்குச் சொல்வீர்கள், என் பையன் ஒன்று சொல்வான், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அம்மா வேறொன்று சொல்வார். மூன்றும் ஒத்துப்போன வருசம் எனக்கு நினைவில்லை.

அம்மாவின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாசி கடைசியில் கொறங்காட்டில், அதாவது ஆடு மாடு மேய்கிற நிலத்தில், கொழுக்கட்டைப்புல் வெளுத்துப்போய், ஆடு மிதித்தாலே நொறுங்கும். அன்றைக்கே அவருக்குக் கோடை வந்தாயிற்று. முடிவதற்கும் தேதி கிடையாது. "கத்திரி முடிஞ்சுதுங்கறதெல்லாம் டிவிக்காரங்களுக்கு கண்ணு, மேகாத்து அடிச்சாத்தான் எனக்கு" என்று பேரனிடம் சொல்வார். கத்திரி வெயில் மே 4இல் தொடங்கி 28இல் முடிகிறது என்று காலண்டரில் இருக்கும். அம்மா சொல்கிற மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் பலமாகத் திரும்பும். 2023இல் பருவமழை கேரளத்துக்கு வந்தது ஜூன் 8, 2025இல் மே 24. இரண்டு வாரம் வித்தியாசம்! காலண்டர் என்ன செய்யும் பாவம்.

சரி, காற்று வந்துவிட்டது, அப்போதாவது எல்லாருக்கும் ஒரே மாதிரியா என்றால் அதுவும் இல்லை. பொள்ளாச்சியில் சாரல் விழும், கோயம்புத்தூரில் பொழுது சாய்ந்தால் போர்வை தேடுவார்கள். வால்பாறையில், குறிப்பாகச் சின்னக்கல்லாறு பக்கம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அதே ஜூனில் வெள்ளகோவில், கரூர், ஈரோடு பக்கமெல்லாம் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற வறண்ட காற்றுதான் கிடைக்கும், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ளும், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை விட்டு இறங்க மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கொங்கு நாடு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஜூன் முதல் வாரத்தில் ஒரு பக்கம் ஒரு பிள்ளை ரெயின்கோட்டோடு பள்ளிக்குப் போகும், நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பிள்ளை சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தேதி.

இன்னொன்று, கடுமையான வெயில் விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. 2024 ஏப்ரலில் ஈரோடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற மாதம் அது. 2025இல் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் தேர்வை முன்னால் நகர்த்தி ஏப்ரல் 7இலேயே தொடங்கினீர்கள், அது நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். 2023 நினைவிருக்குமுங்களா? ஆறாவதுக்கு மேல் ஜூன் 1, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 5 என்றீர்கள். அப்புறம் எல்லாருக்கும் ஜூன் 7. திறக்கப் போகிற நேரத்தில் மறுபடியும் மாற்றி, பெரியவர்களுக்கு 12, சின்னவர்களுக்கு 14. அந்த வருசம் மூத்தவள் ஆறாவது போகிறாள், சின்னவன் இரண்டாவது. இரண்டு பேரும் அம்மிச்சி ஊரில், அதாவது என் அம்மா ஊரில். ஏழாம் தேதிக்காக நான் லீவு போட்டுப் போய், பையும் மூட்டையும் ஒரு டப்பா எள்ளுருண்டையுமாக இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து இறக்கின அன்றைக்குத்தான் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. சின்னவனுக்குச் சந்தோசம், பஸ் ஸ்டாண்டிலேயே குதித்தான். "அப்ப மறுக்கா அம்மிச்சி ஊருக்குப் போலாமா?" எனக்கு வயிறு கலங்கியது. கம்பெனியில் ஏற்றுமதிக்குச் சரக்கு போகிற வாரம் அது, இன்னொரு லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசியில் ஒரு வாரம் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், அவர் வீட்டில் ஃபேன் ஓடிய நேரம் போக மீதி நேரமெல்லாம் செல்போன்தான் பார்த்துக்கொண்டது.

தள்ளிப்போட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்த வெயிலில் திறந்திருந்தால் நானே திட்டியிருப்பேன். 2024இலும் ஜூன் 6 என்று சொல்லி 10க்கு மாற்றினீர்கள், அதற்கும் காரணம் இருந்தது. ஆனால் இங்கே தறிக்கும் பனியனுக்கும் மே மாதம் விடுமுறை கிடையாதுங்க. தீபாவளி, பொங்கல், அவ்வளவுதான். நீங்கள் மூன்று நாள் தள்ளினால் அந்த மூன்று நாளும் ஷீட்டுக் கூரை போட்ட ஒற்றை அறையில் பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போவதா, சம்பளத்தை விடுவதா என்பதுதான் இங்கே பேச்சு. தோட்டத்துக்கு அனுப்பலாம்தான். அங்கே கிணறு இருக்கிறது. நம் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் உங்களுக்குத் தெரியாததில்லை, ஒவ்வொரு கோடையிலும் நீச்சல் பழகப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் வருவதும் தெரியாததில்லை. அம்மா பம்ப்செட் ரூம் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு காவல் இருப்பார், எழுபது வயசில்.

சோற்றுப் பேச்சும் இருக்கிறது, அதை யாரும் விடுமுறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு என் பாதிக் காலைப்பொழுது எனக்குத் திரும்பக் கிடைத்தது, புதன்கிழமை பொங்கல் என்று சின்னவன் அலாரம் இல்லாமலே எழுந்திருப்பான். பள்ளி பூட்டியதும் அதுவும் மதியச் சோறும் சேர்ந்து நின்றுவிடும். எங்கள் லைனில் சில வீடுகளில் கோடை விடுமுறை நீள்கிறது என்றால் அரிசிச் செலவு ஏறுகிறது என்று பொருள்.

எனக்கு வேண்டியது இரண்டு. கனமழை என்றால் விடியற்காலையில் கலெக்டர் தன் மாவட்டத்துக்கு மட்டும், சில சமயம் ஒரு தாலுகாவுக்கு மட்டும், லீவு விடுகிறார். நீலகிரிக்கு விட்டதால் கரூருக்கும் விட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதே அதிகாரத்தை ஜூன் மாத வெயிலுக்கும் கொடுங்கள். ஈரோட்டில் கொதித்தால் ஈரோட்டில் தள்ளட்டும், பொள்ளாச்சியில் குளிர்ந்தால் பொள்ளாச்சி திறக்கட்டும். வேலை நாள் குறையும் என்பீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாவது வரைக்கும் 200 நாள், ஆறிலிருந்து எட்டு வரைக்கும் 220 நாள் வேண்டும், தெரியும். மாநிலம் முழுக்கத் தள்ளினாலும் அந்த நாட்களை எங்கேயாவது ஈடுகட்டத்தானே வேண்டும்? அதற்குப் பதிலாக, வெயில் அடிக்கிற ஊர் மட்டும் ஈடுகட்டிக்கொள்ளட்டும்.

இரண்டாவது இன்னும் சின்னது. மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், ஒரே முறை சொல்லுங்கள். வானிலை ஆய்வு மையம் பருவமழை எப்போது வரும் என்று மே நடுவிலேயே கணித்துச் சொல்லிவிடுகிறது, உங்களுக்கும் அந்தச் செய்தி வரும்தானே. என் கம்பெனியில் லீவுக்கு ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளகோவிலில் இறங்கினால் அம்மா தோட்டத்துப் பக்கம் போக மினி பஸ் மதியம் ஒன்றுதான். இந்த வருசம் தேதியைச் சீக்கிரம் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு அம்மா