புள்ளி விழாத டாப்பர்

அன்புள்ள சுமதி,

பதில் போட லேட்டாகிவிட்டது, திட்டாதே. ஆடி முடிந்ததிலிருந்து ஒரே விசேஷம்தான், ஓவனை அணைக்க நேரமில்லை. வீட்டிலேயே கேக் போட்டால் குடும்பம் ஓடுமா, இல்லை உன் அண்ணன் பொண்ணு சொல்கிற மாதிரி டிசைன் வரைந்து ஆன்லைனில் விற்பது மேலா என்று கேட்டிருந்தாய். கேக் காசு அன்றைக்கே கைக்கு வரும், ஆனால் நாம் ஜுரம் வந்து படுத்தால் அதுவும் படுத்துவிடும். டிசைன் காசு சொட்டுச் சொட்டாகத்தான் வரும், தூங்கும்போதும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

யூனிகார்ன், ஸ்பைடர்மேன் எல்லாம் போடாதே. நம்ம வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரைக்கும் தெருவுக்கு ஒருத்தி போடுகிறாள், நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள், தவிர ஸ்பைடர்மேன் மாதிரிப் பொம்மைகளுக்குச் சொந்தக்கார கம்பெனி இருக்கிறது. எனக்கு நல்ல விலை வருவது மஞ்சள் நீராட்டுக்குத் தாவணிக் கொசுவம் வைத்த கேக், சீமந்தத்துக்கு வளையல் அடுக்கினது, அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை போட்டது. அப்புறம் சிஎம்சி பிள்ளைகளுக்கு ஸ்டெதஸ்கோப், விஐடி பிள்ளைகளுக்கு ராத்திரி 12 மணி பிறந்தநாள்.

ஆனால் நம்ம ஊர் வெயிலை மறந்துவிடாதே. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது விப்பிங் கிரீம் கேக் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் சரிந்துவிடும். சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ்தான் நிற்கும், டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம், வெள்ளை என்றால் மூன்றுக்கு ஒன்று, கோடையில் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள். ஃபாண்டன்ட், அதுதான் மேலே போர்த்துகிற சர்க்கரை மாவு, போட்டதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்க்கும், அப்போது தொட்டால் கலர் விரலோடு வந்துவிடும், தானாகக் காயட்டும் என்று விட்டுவிடு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முதலிலேயே வாங்கிவிடு, நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், அந்த 14 இலக்க எண்ணைப் பெட்டியில் ஒட்டு. விலை போடும்போது முட்டை, மைதா, கேஸ் மட்டும் எழுதாமல் உன் கைவேலை நேரத்தையும் எழுது, நம்ம பெண்கள் அதை மட்டும் தர்மத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

டிசைனுக்கு நான் வந்ததே இந்தக் கேக்கால்தான். மேலே குத்துகிற டாப்பரில் தமிழில் பேர் வேண்டும் என்று கேட்பார்கள், கடையில் கிடைப்பதெல்லாம் ஹாப்பி பர்த்டேதான். தமிழில் வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா, மெய்யெழுத்தின் புள்ளி எதோடும் ஒட்டாமல் நிற்பதால் நாம் வரைந்த ஃபைலைப் பார்த்து மெஷின் வெட்டினதும் கீழே விழுந்துவிடும். 'வாழ்த்துகள்' என்று வெட்டினால் மூன்று புள்ளியும் போய் 'வாழததுகள' என்று நிற்கும்! அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு காம்பு வரைந்து, எழுத்துகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் ஒரு பட்டையில் நிறுத்தினேன். முதலில் எனக்காக வரைந்த அந்த ஃபைலைத்தான் இப்போது மற்ற ஊர் கேக்குக்காரம்மாக்கள் வாங்குகிறார்கள். அழகான டிசைன் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதுடி, இந்த மாதிரி நம்ம தேவைக்கு வரைந்ததுதான் கிடைப்பதில்லை.

அண்ணன் பொண்ணிடம் இரண்டு விஷயம் சொல். டிசைன் பண்ணுகிற கேன்வா ஆப்பில் இருக்கும் படத்தை அப்படியே எடுத்து விற்கக் கூடாது. எழுத்துருவுக்குக் கவிவனார், பாலு தம்பி மாதிரி திறந்த உரிமத்தில் இருப்பதை எடுத்தால் வியாபாரத்துக்குத் தடை இல்லை. எட்ஸி என்கிற ஆன்லைன் சந்தையில் போடுவதென்றால் ஒரு பொருளுக்கு நாலு மாசத்துக்கு 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், பணம் வாங்கிக் கொடுக்கும் செலவு தனி. நான் வாட்ஸ்அப்பிலேயே ஆரம்பித்தேன், அவளும் அப்படியே ஆரம்பிக்கட்டும்.

வேலையை மட்டும் இப்போதே விடாதே. ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் மட்டும் எடு, தை மாசம் வரைக்கும் பார்க்கலாம். அண்ணன் பொண்ணு போடும் சிக்குக் கோலம் நாலைந்தை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல், கேக்கைச் சுற்றி ஒட்டும் பட்டைக்கு ஆகுமா என்று வெட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்
மீனா