நாட்டியப் பெண் முகத்தில் கண்ணீர் அஞ்சலி

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவரோவியங்களால் நகரை அழகுபடுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் தெருமுனைச் சுவரையும் ஒருமுறை வந்து பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அதில் ஒரு நாட்டியப் பெண்ணை வரைந்தார்கள். அங்கே குப்பை கொட்டுவது சில மாதம் நின்றேபோனது. அப்புறம் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் உடைந்தது. அவளுடைய இடது கை முழுக்கப் பொரிந்து உதிர்ந்துவிட்டது. இப்போது முகத்தின் மேல் யாருடைய ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரோ ஒட்டியிருக்கிறது. நெற்றிச்சுட்டி மட்டும் மேலே எட்டிப் பார்க்கிறது. புகார் சொன்னால், படம் ஒரு பிரிவாம், சுவர் இன்னொரு பிரிவாம்.

போஸ்டரை விரட்டத்தானே இந்த வேலையே தொடங்கியது? 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் வரையவைத்தது. டிஜிட்டல் பேனர் வந்து பிழைப்பு போயிருந்த பேனர் ஓவியர்களுக்கும் அன்று வேலை கிடைத்தது. சுவரில் கட்டம் போட்டு, எவ்வளவு பெரிய முகத்தையும் மூக்கு கோணாமல் ஏற்றிவிடும் கை அவர்களுடையது. இன்றைக்கு எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் பூமிப்பந்தைத் தாங்கும் அதே இரண்டு கைகளின் படம்தான். அந்தக் கைகளுக்கும் வலிக்காதா!

மனது வைத்தால் நன்றாகவும் செய்ய முடிகிறது. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களை நிறைத்து வரைந்தார்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் வரைந்த முகங்களில் எச்ஐவியோடு வாழ்பவர் யார் என்று பார்த்தால் தெரியாது. அதுதான் அந்த ஓவியம் சொல்ல வந்ததே.

சுவரைப் பாழாக்குவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் போட்டார்கள். அதே வருடம் மெரினாவில் வைத்ததுதான் உழைப்பாளர் சிலை. சட்டத்தைவிடச் சிலை உறுதியாக நிற்கிறது. பெயிண்ட் வெண்கலமில்லை, வெயிலும் உப்புக்காற்றும் அதை விட்டுவைக்காது. எனவே வரையும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். முதலில் கசிவை அடைத்துவிட்டுப் பிறகு பிரஷ்ஷை எடுக்கட்டும். ஓவியர் பெயரோடு புகார் எண்ணையும் ஒரு மூலையில் எழுதினால் இன்னும் நல்லது.

எங்கள் நாட்டியப் பெண்ணின் கையைச் சரிசெய்ய ஆகும் செலவைத் தெருக்காரர்கள் நாங்களே போட்டுக்கொள்கிறோம். குழாயை எந்தப் பிரிவு அடைக்கும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், சென்னை