'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடும் உணவகங்களுக்கு

உணவக உரிமையாளர்களுக்கும் சமையற்கலைஞர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உணவுப் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் நான் உள்ளே வருகிறேன். எனக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், என் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் என் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சத்தை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை வரும், எலும்பு பலவீனமாகும், குழந்தைகளாக இருந்தால் வளர்ச்சியே தடைப்படும். உலகில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் மருந்து என்று ஒன்று இல்லை. ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவதுதான் சிகிச்சை.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டைப் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காமல் ஊரே மெலிந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். போருக்கு முன்பிருந்தே கோதுமையைச் சந்தேகித்து வந்த டிக்கே, 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் தம் முடிவுகளைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் இது எங்களைப் போன்ற சிலருடைய கவலையாக மட்டுமே இருந்தது.

இந்த நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது. எடை குறையும், சருமம் மினுங்கும், மூளை தெளியும் என்று நோயில்லாதவர்களும் குளூட்டனைக் கைவிட்டார்கள். விளையாட்டு வீரர்களும் திரை நட்சத்திரங்களும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அந்த மோகத்தால் எங்களுக்குக் கிடைத்த நன்மையை மறைக்க மாட்டேன். பல நாடுகளில் மருந்துக்கடையில் தேடி வாங்க வேண்டியிருந்த மாவும் ரொட்டியும் இன்று பேரங்காடியில் தனி அடுக்கு பிடித்திருக்கின்றன. உங்கள் பட்டியலில் எங்களுக்கு ஓர் இடம் கிடைத்ததும் அதனால்தான்.

ஆனால் அதே மோகம் உங்கள் சமையலறையில் எங்கள் பேச்சின் மதிப்பைக் குறைத்துவிட்டது. குளூட்டன் கூடாது என்று வற்புறுத்திச் சாப்பிட்ட ஒருவர், கடைசியில் பக்கத்து நாற்காலிக்காரரின் கேக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்பதை உங்கள் பணியாளர்கள் பார்க்கிறார்கள். அடுத்து நான் வந்து அதையே கேட்கும்போது, இதுவும் ஒரு விருப்பம்தானே என்று அவர்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. 'டயட்டா, நோயா?' என்று என்னிடம் கேட்கிறார்கள். நோயென்றால் கவனமாகவும் டயட்டென்றால் ஏனோதானோவென்றும் சமைப்பீர்கள் என்றால், அச்சிட்ட அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு குளூட்டன் கேடு என்று கேட்கலாம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இல் வகுத்த வரம்பு. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே அளவைத்தான் கடைப்பிடிக்கின்றன. சாதாரண ரொட்டி ஒரு துண்டிலேயே 2 கிராம் அளவுக்குக் குளூட்டன் இருக்கும். அப்படியென்றால் வெட்டுப்பலகையில் உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளே எங்களுக்குப் போதும்.

ஆகவே கோதுமையைச் சேர்க்காமல் சமைத்தால் மட்டும் போதாது. ஒருமுறை பட்டியலில் குறி போட்டிருந்த உருளைக்கிழங்கு வறுவலை வாங்கினேன். கிழங்கில் குறையில்லை. ரொட்டித்தூள் புரட்டிய மீனைப் பொரித்த அதே எண்ணெயில் அதையும் பொரித்திருந்தார்கள். விளைவை நாள்கணக்கில் அனுபவித்தேன். பாஸ்தா வெந்த நீரில் காய்கறியை வேகவைப்பது, கோதுமை மாவு புரண்ட கரண்டியாலேயே அடுத்த பாத்திரத்தைக் கிளறுவது, சாறு கெட்டியாக ஒரு சிட்டிகை மாவு தூவுவது எல்லாமே இப்படித்தான். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. தனியாகச் சான்று பெற்ற ஓட்ஸ்தான் வேண்டும். மாவு பறக்கும் அறையில் திறந்து வைத்த எந்தத் தட்டையும் நான் நம்புவதில்லை. சூடு பட்டால் குளூட்டன் அழிந்துவிடும் என்று உங்களில் சிலர் உண்மையாகவே நம்புகிறீர்கள். அழியாது. அது கிருமி அன்று, புரதம்.

நோய் உறுதியாகாமல் குளூட்டனை விலக்குபவர்கள் எல்லோரையும் பாசாங்குக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பலருடைய வயிற்று வேதனை உண்மையானது. கோதுமையில் உள்ள ஃப்ரக்டன் என்ற கார்போஹைட்ரேட் வகையே பலருக்குக் காரணமாக இருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: விலக்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விலக்கிய பிறகு செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரலாம்.

உங்களிடம் கேட்பதும் பெரிதில்லை. தனி எண்ணெய், தனிப் பலகை, தனிக் கரண்டி, கை கழுவிய பின் தொடும் ஒழுங்கு ஆகியவை இருந்தால் அந்தக் குறியை அச்சிடுங்கள். இடம் போதவில்லை, ஆள் போதவில்லை என்றால் அதைப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்: 'கோதுமை சேர்க்கவில்லை, ஆனால் ஒரே சமையலறையில் சமைக்கிறோம்.' அதைப் படித்தால் நான் தேநீர் மட்டும் குடித்துவிட்டு, உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவேன்.