பலகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

மச்சான்,

பெயர் எழுதவில்லை. எழுதினால் இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மச்சான் என்பது வசதியான சொல். மாமன் மகனையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாதவனையும் அப்படித்தான். அதற்குள் யாரையும் ஒளித்துவைக்கலாம். நானும் உன்னை அதற்குள்தான் வைத்திருந்தேன்.

2015 ஜனவரியில் மைத்திரி ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கிழமைக்கு இந்த ஜனவரியோடு பத்து வருஷம். அந்தக் கிழமை என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உன் அலைச்சறுக்குப் பலகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அங்கே நாங்கள் கதைப்பதெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டைவிரல். நான் ஒன்று போடுவேன், நீ ஒன்று போடுவாய். அதற்குக் கீழே இவ்வளவு நீளமாக எழுதினால் எனக்கு விசர் என்று நினைப்பாய். இங்கே எழுதினால் நீ படிக்கலாம், படிக்காமலும் விடலாம்.

மருமகன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நீ பார்த்தபோது எட்டு வயது, மூக்கொழுகிக்கொண்டு உன் பலகையில் ஏறிக் குந்தியிருந்தவன். இப்போது என்னைவிட உயரம். ஏலெவல் சோதனை எழுதினான். நடுவில் வெள்ளம் வந்து சோதனையை நிறுத்தி, மறுபடி நடத்தி, ஒருவழியாக டிசம்பரில் முடிந்தது. முடிந்த கையோடு கொட்டிலுக்குள் புகுந்து கூரை வளையில் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டான்.

“மாமா, இது ஆற்ற சேர்ஃப் போட்?”

“ஒரு ஆள் பழுதுபார்க்கத் தந்தது.”

“எப்ப?”

பொய் சொல்ல வரவில்லை. பத்து வருஷம் என்றேன். பத்து வருஷமாகவா பழுதுபார்க்கிறீர்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

நீ அதைக் கொண்டுவந்த பின்னேரம் கடல் மூசிக்கொண்டிருந்தது. வாடைக் காலம், போட்டெல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்துக் கிடந்தது. கிழக்குக் கரையில், அறுகம்பேயில் சேர்ஃப் சீசன் முடிந்து, உனக்கு வேலை இல்லாத மாதங்களில்தானே உனக்கு ஊர் ஞாபகம் வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். பலகையின் மூக்கு உடைந்திருந்தது. நான் பைபர் போட் வேலைக்காரன், எனக்கு இது ஒரு வேலையா? போட்டுக்குப் பூசுகிற ரெசினும் ஒரு துண்டு கண்ணாடியிழை ‘மாட்’டும் போதும் என்றேன். “அங்க வேற ரெசின்தான் பாவிக்கிறாங்கள், இது சரிவருமோ தெரியாது” என்று நீ இழுத்தாய். எனக்குக் கோபம் வந்தது. உன் வாயில் அறுகம்பே என்று வந்தாலே எனக்குக் கோபம் வந்த காலம் அது. அலை அங்கே வலப்பக்கமாகத்தான் ஓடும், ஒரே சீராக, முனையைச் சுற்றிக்கொண்டு ஓடும் என்று நீ கையால் காட்டுவாய். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, கவனிக்காத மாதிரி மாட் வெட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் கரையில் நீ முதல்முதல் எழுந்து நின்ற நாளும் ஞாபகம் இருக்கிறது. மூன்று விநாடி இருக்குமா? ஒரு ஆச்சி மண்ணை அள்ளி உன்னை நோக்கி எறிந்து ஏசினா. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு முல்லைத்தீவில் அலையோடு விளையாடுவது என்றால் பிணத்தோடு விளையாடுவது மாதிரி. அவவுடைய வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் நீ ஒன்றும் சொல்லாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். உன்னை எனக்கு முழுதாகப் பிடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நின்றதற்காக இல்லை, திருப்பி ஏசாததற்காக.

சரி, அந்த இரவு. மழை. கொட்டிலுக்குள் ரெசின் மணம். நீ பென்டிரைவைச் செருகி, சேர்ஃப் படம் ஒன்று என்றாய். ‘ஷெல்ட்டர்’. 2007இல் வந்தது, ஜோனா மார்கோவிட்ஸ் எடுத்தது என்பதெல்லாம் பிறகு நானே தேடிப் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸாக் என்று ஒரு துறைமுகத்துப் பொடியன், சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான், கிடைத்த ஓவியக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு அக்காவையும் அவளுடைய மகனையும் பார்த்துக்கொள்கிறான், நேரம் கிடைத்தால் கடலுக்குப் போகிறான். “இது உன்ர கதையடா” என்று நீ சொன்னாய். நானும் சிரித்தேன். அந்த ஊர் ஸான் பெட்ரோ, லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம். பாரந்தூக்கிகளைப் பார்த்ததும் அங்கே ஒரு போட் வேலை கிடைத்தால் என்ன சம்பளம் இருக்கும் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஷோன் வருகிறான். கூட்டாளியின் அண்ணன்.

முத்தம் வரப்போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நீ முன்னமே பார்த்த படம், உனக்குத் தெரியும். நீ திரையைப் பார்க்கவில்லை. லாப்டொப் வெளிச்சம் உன் பாதி முகத்தில் விழுந்திருந்தது. கையை நீட்டவில்லை, கிட்ட வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பார்த்தேன். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை தறப்பாளில் விழுகிற சத்தம் மட்டும் ஒரு தரம் கூடிக் குறைந்தது.

பக்கத்துக் கொட்டிலில் காட்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் நெருப்புப்பெட்டி கேட்டுக்கொண்டு தறப்பாளைத் தூக்கினான்.

நான் லாப்டொப்பை அறைந்து மூடினேன். பிறகு ஒரு வசனம் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன், உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே.

இதைப் படிக்கிற ஊர்க்காரருக்கு: அந்த நெருப்புப்பெட்டிக்காரர் நீங்களாக இருந்தால் உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் படம் பார்த்தோம். நான் சில இடங்களை மாற்றி எழுதியிருக்கிறேன், ஆள் தேடிக் களைக்காதீர்கள்.

(அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ கோபிக்காதே.)

அவன் திரையைப் பார்த்திருக்கக்கூட மாட்டான், மச்சான். பத்து வருஷமாக இதைத்தான் யோசிக்கிறேன். நான் சும்மா இருந்திருந்தால் நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு போயிருப்பான். படம் மிச்சம் ஓடியிருக்கும். சரி, எழுதிவிடுகிறேன்: “இந்தச் சீத்துவக்கேட்டையெல்லாம் உன்ர அறுகம்பேயோட வச்சுக்கொள்.” உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தறப்பாளைப் பார்த்து, வெளியில் நாலு பேருக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். நீ பென்டிரைவைக் கழற்றினாய், மூடியைத் தேடி எடுத்துப் போட்டாய், மழைக்குள்ளேயே இறங்கிப் போனாய். அந்த மூடியைத் தேடிய நேரம் இருக்கிறதே, அதற்குள் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. 2009இல் போர் முடிந்தபோது, வட்டுவாகல் பாலத்தைக் கடக்கையில் அத்தான் ஆமியிடம் பெயர் கொடுத்துச் சரணடைந்தவர், அக்காவின் கண்ணுக்கு முன்னால். அதன் பிறகு அந்த வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது நான் ஒருத்தன். அக்கா எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் தம்பி என்ன செய்கிறான் என்றுதான் கேட்பார்கள். 2017இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தக்காரர் போராட்டக் கொட்டகை போட்ட நாளிலிருந்து அவ அத்தானின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இருக்கிறா. அங்கே அவவைப் படம் எடுக்கிறவர்களும் உண்டு, எதற்கென்று கேட்க முடியாது. அப்படியான ஒரு வீட்டுக்கு என்னால் ஒரு கதை வந்தால், அவவுடைய வாயை அடைக்க அதுவே போதும். நான் பயந்தது அதற்கு. உனக்கு இது அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

விளங்கியிருக்க வேண்டுமா? நான்தான் ஒரு நாளும் சொல்லவில்லையே.

படத்தின் மிச்சத்தை மூன்று வருஷம் கழித்து, காதுக்குள் செருகிக்கொண்டு, வீட்டுக் கோடிக்குள் இருந்து பார்த்தேன். ஸாக்கும் குடும்பத்துக்காக ஷோனை விட்டுவிட்டு ஓடுகிறான். அது வரைக்கும் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். பிறகு அக்காகாரி காதலனோடு வேறு ஊருக்குக் கிளம்ப, பிள்ளை இவனுக்கே வந்துவிடுகிறான், கல்லூரியும் கிடைத்துவிடுகிறது, மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அழுதேன், அது வேறு. ஆனால் அந்த ஷோனுக்குக் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, உள்ளே யாரும் இல்லை, கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். எங்களுக்கு எந்தக் கதவு? தறப்பாளைத் தூக்கி நெருப்புப்பெட்டி கேட்கிற ஊர் இது. இந்திய வீட்டுத் திட்டத்து வீடு கிடைத்தபோதும் அறைக்குக் கதவு போட எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது.

அந்த எரிச்சலிலேயே வேறு படங்களும் தேடினேன். ‘நியூகாஸில்’ 2008, அவுஸ்திரேலியா. அதில் கதாநாயகனுடைய சகோதரன் ஒருத்தன் இருக்கிறான், மற்றவர்கள் அலையைப் பார்க்கும்போது அவன் சகோதரனுடைய கூட்டாளியைப் பார்க்கிறான். கடலில் நிலக்கரிக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். கதை எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, ஒரே பொடியன்களும் வெய்யிலும். ஆனால் அந்தச் சகோதரன் வருகிற இடங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

என்னைப் பிடித்து உலுக்கியது ‘கொன்ட்ராகொரியென்டே’. பெரு நாட்டுப் படம், 2009, ஹாவியர் ஃபுவெந்தெஸ்-லியோன் எடுத்தது. எடுத்த இடம் காபோ பிளாங்கோ. சேர்ஃப்காரருக்குப் பெயர்பெற்ற கரையாம், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கதை மீனவர்களைப் பற்றியது. மிகெல் என்கிறவனுக்குக் கல்யாணமாகி, மனைவி வயிற்றில் பிள்ளை. அவனுக்கும் ஊரில் ஒதுக்கிவைத்த ஓவியன் சாந்தியாகோவுக்கும் இடையில்தான் எல்லாம். ஓவியன் கடலில் மூழ்கிப் போகிறான். உடலை ஊர் பார்க்க முறைப்படி கடலில் விட்டால்தான் ஆவிக்கு அமைதி. உடல் மிகெலுக்குக் கிடைக்கிறது. அவன் என்ன செய்கிறான் தெரியுமா? வெளியில் எடுக்காமல் கடலடியில் கட்டிவைக்கிறான். ஆவி தன்னோடேயே இருக்கட்டும் என்று. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, ஊருக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியில் வந்தேன். அக்கா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தா. ஒரு உடல் கிடைத்தால் போதும் என்று இருக்கிறவவுக்கு முன்னால் நின்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. என்ன படம் என்று கேட்டா. பேய்ப்படம் என்றேன்.

உன் பலகையை அப்போது வளையில் கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு நான் செய்ததையும் சொல்லவேண்டும். நீ போன மறுநாள், கோபத்திலா வேறெதிலா தெரியாது, உடைந்த மூக்கில் போட் ரெசினை ஊற்றினேன். உள்ளே இருந்த வெள்ளை ஃபோம் உருகத் தொடங்கியது. ஆனையிறவு உப்புக் குவியலில் மழை விழுந்த மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கவே குழி விழுந்து உள்ளே உள்ளே போனது. போட் ரெசின் பொலியெஸ்டர். அதில் இருக்கிற ஸ்டைரீன் அந்த ஃபோமைத் தின்றுவிடும். அதற்கு எபொக்சி வேண்டும். நீ சொன்னதுதான் சரி. பத்து வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன், போதுமா? துடைக்கத் துணியோடு ஓடி, துணியும் ஒட்டி, கடைசியில் ஒரு முழத்துக்கு வெறும் கோது. எப்படித் திருப்பித் தருவது? நீ வந்து கேட்பாய், ஏசுவாய், அந்தச் சாட்டில் கதைக்கலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவேயில்லை. அதற்காக உன்னில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு பலகை என்ன விலை! ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று சொன்னதே, அன்றைக்கு உனக்கு ஒரு செய்தி எழுதி அழித்தேன். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், இன்னும் நீங்காமல் கிடக்கிறது. நீ எங்கே இருந்து அந்தச் செய்தியைப் பார்த்தாய் என்று யோசித்தேன். பக்கத்தில் யாரும் இருந்தார்களா என்றும் யோசித்தேன். இதற்கு நீ பதில் சொல்லவேண்டியதில்லை.

மருமகனுக்கு நான் முழுவதையும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொன்னேன். என்ன சொன்னேன், அவ என்ன சொன்னா என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவவுடையது. இறால் சட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வர அவவுக்கு நிறைய நேரம் எடுத்தது. அவ்வளவுதான் எழுதலாம்.

கொழும்பிலிருந்து எபொக்சி எடுப்பித்தேன். மருமகன் யூடியூப்பில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, உருகிய ஃபோமை வெட்டி எடுத்து, புதுத் துண்டு ஒட்டி, தேய்த்து, இரண்டு மடிப்புத் துணி போட்டோம். நான் போட் கைகாரன், கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டேன். போன சனி அவன் அதைக் கடலுக்குள் கொண்டுபோனான். நான் கரையில் நின்றேன். ஆச்சி இல்லை, அவ செத்து நாலு வருஷம். நாலைந்து தரம் விழுந்து, ஒரு தரம் எழும்பி நின்றான். திரும்பி வந்து, “மாமா, நல்லா இருக்கு, ஆனா இடப்பக்கம் இழுக்குது” என்றான். என்னுடைய ஒட்டு ஒரு பக்கம் பாரம்.

அங்கே அலை வலப்பக்கம்தானே ஓடும்? அதற்கு இது உதவுமா, அல்லது இன்னும் தேய்க்கவேண்டுமா? ஏப்ரலில் சீசன் தொடங்கும்போது அவன் வரவேண்டும் என்கிறான். தனியாக விடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டா, நானும் கூட வரவேண்டுமாம். வவுனியா போய்ச் சுற்றித்தான் வரவேண்டும், இரண்டு மூன்று பஸ் மாறவேண்டி வரும். நீ இதை அங்கிருந்து கொண்டுவந்தாயே, பஸ்ஸில் எங்கே வைத்தாய்? மேலே கட்டினாயா, அல்லது உள்ளே விட்டார்களா?