பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

தம்பி நேற்று வீடு திரும்பிவிட்டான். சாப்பிடுகிறான், சண்டைக்கும் வருகிறான். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி எழுதக் கை வரவில்லை. பணம் அனுப்பியவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், நடுராத்திரியில் போனை எடுத்தவர்கள், ரசம் வைத்துக் கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. உங்களிடம் நேரிலும் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டுவந்தது ஒருவரிடம்தான்.

இங்கிலாந்தின் வின்செஸ்டரில் இருந்தபோது, மருத்துவமனையில் மாலையில் எங்களை வெளியே அனுப்பியதும் பேராலயத்துக்குப் போய்விடுவேன். சுற்றிப்பார்க்க டிக்கெட் உண்டு. மாலை ஆராதனைக்கு வருபவர்களிடம் கேட்பதில்லை. முதல் நாள் சுவரோரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அங்கே தொண்டு செய்யும் மூதாட்டி ஒருவர் பூத்தையல் போட்ட சிறு மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து, "கல் சில்லென்று இருக்கும்" என்று வைத்துவிட்டுப் போனார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. மறுநாள் நான் போவதற்கு முன்பே மெத்தை அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த நாளும். ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் பிரிந்திருக்கும். பாட்டு முடியும்வரை அதை விரலில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாலை என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்ச் சிறிய சிலை ஒன்றைக் காட்டினார். வில்லியம் வாக்கர், முக்குளிப்பவர். 1079-இல் கட்டத் தொடங்கிய கோயில், சதுப்பு மண்ணில் அமிழ்ந்து, சுவர்கள் விரிசல் விட்டு நின்றதாம். தோண்டினால் குழியெல்லாம் தண்ணீர்; இறைத்தால் சுவரே சரியும். 1906 முதல் 1911 வரை இந்த மனிதர் ஆறு மீட்டர் ஆழத்துக் கும்மிருட்டில் இறங்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாமல், கையால் தடவித் தடவியே 25,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். அந்த நாள்களில் எனக்கு இதைவிட நல்ல ஆறுதலை யாரும் சொல்லவில்லை. அவர் ஆறுதலாகச் சொன்னாரா, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் கதைதானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

இதில் ஒரு கூத்து. 1964-இல் வைத்த முதல் சிலைக்கு, ஆள் மாறி, அதே வேலையில் இருந்த பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் முகத்தை வைத்துவிட்டார்கள். 2001-இல்தான் சரியான முகம் வந்தது. கேட்டுச் சிரித்தேன், பல நாள் கழித்து. ஆனால் அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவே தோன்றவில்லை பாருங்கள்.

தம்பி நன்றாக நடக்கத் தொடங்கியதும் அழைத்துக்கொண்டு போகிறேன். முதலில் பெயர். பிறகு அந்தச் சிவப்பு நூலை நானே தைத்துத் தருகிறேன் என்று கேட்கவேண்டும். ஊசி நூல் இப்போதே கைப்பையில் இருக்கிறது.