ஆண்டறிக்கை: செப்டம்பர் 2023 முதல் ஆகஸ்ட் 2024 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்கள் அனுப்பி வைத்திருக்கும் அவர்களது குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தூண்டில் சங்கத்தின் ஆண்டு ஏன் செப்டம்பரில் தொடங்குகிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். டெக்சாஸில் மீன்பிடி லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது. சந்தாவையும் அதோடு சேர்த்து வசூலித்துவிடலாம் என்று சங்கம் ஆரம்பித்த காலத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல கணக்குதான். அது எப்படிப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வழக்கமான விஷயங்கள். செயற்குழு ஆறு முறை கூட வேண்டும். நான்கு முறை கூடியது. அக்டோபர் 14 வளையச் சூரிய கிரகணத்தன்று தனி நிகழ்ச்சி எதுவும் இல்லை. பொங்கல் விழாவில் சிறுவர்களுக்குத் தூண்டில் எறியும் போட்டி நடத்தினோம். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம். அன்று ரவுண்ட் ராக் ஊரின் பிரஷி கிரீக் ஓடையில் கூடினோம், மழை இல்லை. கோடைப் பிக்னிக் வழக்கம்போல் நடந்தது, பிரியாணி போதவில்லை.

ஜனவரியில் குளிர் அலை அடங்கியதும் சான் மார்கோஸ் ஆற்றுக்குப் போனோம். அங்கே ஊற்றுநீர் வருடம் முழுக்க 22 டிகிரி செல்சியஸ். மற்ற ஓடைகள் விறைத்துக் கிடக்கும்போது குளிர் தாங்காத ரியோ கிராண்டே சிக்லிட் என்ற மீன் இங்கே சுகமாக இருக்கும். கருத்த உடம்பு முழுக்க நீலப் பொட்டு. அமெரிக்காவின் சொந்த சிக்லிட் இது ஒன்றுதான். நம் ஊர் ஜிலேபி மீனுக்கும் கேரளத்துக் கரிமீனுக்கும் சொந்தக்காரன் என்று சொன்னதும் நம்மவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. உலகத்தில் இந்த ஒரு ஆற்றின் மேல்பகுதியில் மட்டுமே வளரும் ஒரு காட்டு நெல்லும் அங்கே உண்டு. அதை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டோம். நாற்பத்தோரு குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர்.

இனி இந்த ஆண்டின் முக்கியமான பணிக்கு வருகிறேன். இது என் சொந்த ஆசை என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2022, 2023 ஆகிய இரண்டு கோடைகளிலும் நம் பக்கத்தில் மழை பொய்த்தது. ஓடைகளில் நீரோட்டம் சுருங்கி, அங்கங்கே மடுக்களாக நின்றது. சுண்ணாம்புப் பாறை மேல் நிற்கும் அந்தத் தண்ணீர் கண்ணாடி. ஆறடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். நாம் மீனைப் பார்க்கிறோம், மீனும் நம்மைப் பார்க்கிறது. சென்ற அக்டோபரில் ஜார்ஜ்டவுனில் சான் கேப்ரியல் ஆற்றுக்குப் போன நம் உறுப்பினர்கள் பதினான்கு பேர், ஏரியில் கெளுத்தி பிடிக்கிற எட்டடி ராடும் இருபது பவுண்டு எடை தாங்கும் தங்கூசி நூலுமாகப் பாறை மேல் வரிசையாக நின்றார்கள். அதில் நான்கு பேர் மஞ்சள் கிரிக்கெட் சட்டை. அரை அவுன்ஸ் ஈயக்குண்டு மடுவில் தொப்பென்று விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த மடுவில் ஒரு செதில்கூட அசையவில்லை. "இந்த ஆத்துல மீனே கிடையாதுங்க" என்று ஒரு மூத்த உறுப்பினர் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மீன் இருந்தது. மறுநாள் காலை நான் மட்டும் போனேன். ஐந்தடி ராடு, உள்ளங்கையில் அடங்கும் ரீல், இரண்டு பவுண்டு தங்கூசி, நுனியில் 1/32 அவுன்ஸ் ஜிக், அதாவது தலையில் எடை வைத்த சின்னக் கொக்கி. ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் மீன் பெரும்பாலும் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கத்திலிருந்து, நிழலோடு நிழலாக, குனிந்து போனேன். நிமிர்ந்து நின்றால் மீனுக்குத் தெரிவோம். தள்ளி, தாழ்ந்து நின்றால் நீர்ப்பரப்பின் ஒளிவிலகலே நம்மை மறைத்துவிடும். பாறைக்குப் பின்னால் முழங்காலிட்டு மேல்நோக்கி எறிந்தேன். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது மீன்கள். எல்லாம் சன்ஃபிஷ் வகை: பெரும்பாலும் ரெட்பிரெஸ்ட், சில லாங்இயர், ஒரு புளூகில். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

இவற்றை இங்கே பான்ஃபிஷ் என்பார்கள், பொரிக்கிற சட்டியில் முழுசாக அடங்கும் அளவு என்பதால். கையகல மீன்தானே என்று நம்மில் பலருக்கு இளக்காரம். 1950இல் அலபாமாவில் ஒரு புளூகில் 4 பவுண்டு 12 அவுன்ஸ் இருந்தது, அது இன்றும் உலகச் சாதனை. நம் ஓடைகளில் அரைப் பவுண்டு கிடைத்தாலே பெரிய விஷயம்தான். ஆனால் அரைப் பவுண்டு மீன், தட்டையான உடம்பை நீரோட்டத்துக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு இரண்டு பவுண்டு தங்கூசியை இழுக்கும்போது அந்த மெலிந்த ராடு வளைகிற வளைவு இருக்கிறதே, அதை எட்டடி ராடு வைத்திருப்பவருக்கு எழுதிக் காட்ட முடியாது.

இதைச் செயற்குழுவில் எடுத்துச் சொல்லி, சிறுவர்களுக்கு இரவல் தருவதற்காக எட்டு செட் லேசான தூண்டில் வாங்க அனுமதி பெற்றேன். வாங்கியது பன்னிரண்டு. கடையில் தள்ளுபடி அன்றோடு முடிந்தது. தலைவருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கூடுதல் நான்கு செட்டுக்கு என் கைக்காசுதான் போட்டேன். பிறகு அதைச் சங்கக் கணக்கில் சேர்த்துக்கொண்டதைப் பொருளாளர் அறிவார்.

கடையில் வாங்கும் ஸ்பின்னரில், அதாவது தகடு சுழலும் செயற்கை இரையில், மூன்று முள் சேர்ந்த கொக்கி இருக்கும். சின்ன வாய் மீனுக்கு அது கொடுமை. சின்ன விரல்களுக்கும் ஆபத்து. டிசம்பரில் நான்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அறுபது ஸ்பின்னர்களில் அதைக் கழற்றிவிட்டு எட்டாம் நம்பர் ஒற்றை முள் மாட்டினேன். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்நுனியையும் குறடால் நசுக்கிவிட்டேன். "இந்த அக்கறை வீட்டுக் குழாய் மேல இருந்தா நல்லா இருக்கும்" என்றார் என் மனைவி. குழாய் பிப்ரவரியில் சரிசெய்யப்பட்டது.

மூன்று முள் இருந்தால் மூன்று மடங்கு மீன் கிடைக்குமே என்று இரண்டு உறுப்பினர்கள் எழுத்துமூலம் ஆட்சேபித்தார்கள். கிடைக்காது. தங்கூசி தளராமல் பார்த்துக்கொண்டால் நசுக்கிய முள்ளிலும் மீன் நிற்கும், விடும்போது விரலால் ஒரு திருப்பு திருப்பினால் போய்விடும். முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிட்டால் பிடுங்காதீர்கள், தங்கூசியை ஒட்ட வெட்டிவிடுங்கள். இதையும் தனித்தாளில் அச்சடித்து ஒவ்வொரு பையிலும் வைத்தேன்.

மே மாதம் பிரஷி கிரீக்கில் முதல் வகுப்பு. ரவுண்ட் ராக் ஊருக்குப் பெயர் தந்த அந்த வட்டப் பாறை இந்த ஓடையில்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிகள் அதை அடையாளம் வைத்துத்தான் ஓடையைக் கடந்திருக்கின்றன. பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பதினேழு வயதுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் எறிதலை மரத்தில் மாட்டினாள், இரண்டாவதை என் தொப்பியில். மூன்றாவதில் ஒரு ஆண் லாங்இயர். ஆரஞ்சு வயிறு, கன்னத்தில் மயில்நீலக் கோடுகள். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "அங்கிள், இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்கே பன்னிரண்டு செட்டும் தகும் என்பது என் கருத்து. செயற்குழு அப்படி நினைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்தப் பருவத்தில் ஆண் மீன்கள் ஆழமில்லாத இடத்தில் வாலால் சரளையைப் பெருக்கித் தட்டுபோல் கூடு கட்டி, முட்டையைக் காவல் காக்கும். கூட்டுக்கு முன் எது விழுந்தாலும் கடிக்கும். பிடிப்பது மிகச் சுலபம். அதனால்தான் அப்போது பிடித்ததை உடனே விட்டுவிடச் சொல்கிறேன். காவல் போனால் மற்ற மீன்கள் முட்டையைக் காலி செய்துவிடும். பெரிய ஆண்களையே எடுத்துக்கொண்டிருந்தால், சின்னவை சீக்கிரமே பருவத்துக்கு வந்து, வளராமல் நின்றுவிடும். சன்ஃபிஷ் வகைக்கு இங்கே பொதுவாக எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை என்பது சரிதான். அதற்காக ஒரு சிறிய மடுவிலிருந்து ஒரே காலையில் ஒரு கூலர் நிறைய எடுத்துக்கொண்டு போனது சரி என்று ஆகிவிடாது. பொரித்துச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளத்துப் புளூகிலை மிளகாய்த்தூள் தடவிப் பொரித்து முள் பார்த்துச் சாப்பிட்டவன்தான் நானும்.

அப்புறம் ஏப்ரல் 8. திங்கட்கிழமை, முழுச் சூரிய கிரகணம். லானோ ஊரில் நான்கு நிமிடத்துக்கு மேல் இருட்டு என்றதும் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று பேர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அலுவலகத்துக்கு லீவு போட்டு வந்தார்கள். வானம் பெரும்பாலும் மேகம். இருந்தும் இருட்டு இருட்டுதான், சிள்வண்டுகூடக் கத்தியது. அந்த நான்கு நிமிடத்தில் மீன் என்ன செய்தது என்று பலர் கேட்டார்கள். யாருமே தூண்டில் போடவில்லை, ஆகவே சங்கத்திடம் தகவல் இல்லை. குழுப் படம் சிறப்பாக வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பிரஷி கிரீக்கில் குப்பை பொறுக்கும் பணி. வந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, எங்கள் பிள்ளைகள் இருவர், பொருளாளர், அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர். நாங்கள் எடுத்ததில் பாதி, சிக்கல் விழுந்து வீசிய தங்கூசி. பறவைக் காலில் சுற்றினால் அவ்வளவுதான்.

பாலத்தடி விவகாரம் ஒன்றும் பதிவாக வேண்டும். டெக்சாஸில் சராசரி முப்பதடிக்குக் குறையாத அகலமுள்ள ஆற்றின் படுகை பொதுச்சொத்து, இது 1837இலிருந்து சட்டம். பொதுச்சாலைப் பாலத்தில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்து போகலாம். ஆனால் கரை பெரும்பாலும் தனியாருடையது. வேலி தாண்டிக் குறுக்கு வழியில் போவது அத்துமீறல். நம்மில் ஒருவர் தாண்டினார்; நிலக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். மன்னிப்புக் கேட்கப் போனது நான், ஒரு டப்பா மைசூர்பாகோடு. தாண்டியவர் இன்று வரவில்லை என்பதால் பெயர் வேண்டாம்.

வரவு செலவு. சந்தா குடும்பத்துக்கு 25 டாலர். ஒரு ஆளின் நன்னீர் லைசென்ஸே 30 டாலர். செலுத்திய குடும்பங்கள் பத்தொன்பது. வாட்ஸ்அப் நினைவூட்டலுக்குக் கட்டைவிரல் காட்டியவை முப்பத்து மூன்று. கட்டைவிரலை வங்கியில் போட முடியவில்லை. மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், சிறு பற்றாக்குறை உண்டு, அதை நன்கொடையாளர் ஒருவர் சரிக்கட்டினார். நன்கொடையாளர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றிருக்கிறார். அவர் மனைவிக்கும் இன்னும் தெரியாது. ரசீதுகள் பொருளாளரிடம் ஒரு பழுப்பு உறையில் இருக்கின்றன, விரும்புவோர் பார்க்கலாம்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், பிக்னிக் சமையல் குழுவினருக்கும், இடம் தந்த பூங்கா நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நான் மூன்று ஆண்டுகள் இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன். வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விலகுவேன். போன ஆண்டும் இதையேதான் சொன்னேன், அப்போது எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லானோவில் இரண்டு நாள் முகாம் போட வேண்டும், பெண்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் நடக்கும், பன்னிரண்டு செட்டும் இருந்தால். என் கராஜ் சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்திருக்கிறேன். ஏழில் தூண்டில் தொங்குகிறது. அதில் ஒன்றுக்கு ரீல் கைப்பிடி இல்லை, இன்னொன்றின் பை இன்னமும் கருவாடு மணக்கிறது. ஐந்து ஆணி காலி. எடுத்துப் போனவர்கள் கையெழுத்து என் நோட்டில் இருக்கிறது. படித்துக்காட்டும் எண்ணம் இல்லை. இரவு நேரத்தில் என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனால்கூடப் போதும், கேமராவைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இன்று செப்டம்பர் 7. இங்கிருக்கும் பெரும்பாலோருடைய லைசென்ஸ் சென்ற சனிக்கிழமையோடு காலாவதி ஆகிவிட்டது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம்தான், போனிலேயே ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். போன் கையில் இருக்கும்போதே சந்தாவையும் அனுப்பிவிடுங்கள். பொருளாளர் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், தட்டுகளும் அவரிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்